செவலை அழவே இல்லை

மூன்று வாரமாக ஒரு கேள்வியோடு எழுந்து அதே கேள்வியோடு படுக்கிறேன். கேட்டது என் மகள், ஒன்பது வயது. ராத்திரி தூங்கப் போகும் முன் அவளுக்கு ‘பிளாக் பியூட்டி’ நாவலைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கிலீஷில் ஒரு பக்கம் வாசிப்பேன், அப்புறம் தமிழில் கதையாகச் சொல்வேன். ஜிஞ்சர் சாகிற அத்தியாயம் வந்தது. கதை சொல்லும் கருப்புக் குதிரையும் செம்பழுப்பு நிற ஜிஞ்சரும் ஒரு காலத்தில் ஒரே வண்டியில் ஜோடியாக ஓடியவை. பல வருஷம் கழித்து லண்டனில், வாடகைக் குதிரைவண்டிகள் நிற்கும் இடத்தில் இரண்டும் மறுபடி சந்திக்கின்றன. ஜிஞ்சர் எலும்பும் தோலுமாக நிற்கிறது. மனிதர்கள் பலசாலிகள், அவர்களுக்கு இரக்கம் இல்லையென்றால் கடைசிவரை பொறுத்துக்கொண்டு கிடப்பதைத் தவிர நமக்கு வழியில்லை, செத்துப்போனால் தேவலை என்கிறது. கொஞ்ச நாளில் செத்த குதிரை ஒன்றை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி அந்தப் பக்கம் போகிறது. நீளக் கழுத்து, செம்பழுப்பு நிறம், தலை வண்டிக்கு வெளியே தொங்குகிறது. அது ஜிஞ்சர்தான் போலிருக்கிறது, ஜிஞ்சராகவே இருக்கட்டும், அதன் கஷ்டமெல்லாம் அதோடு தீர்ந்திருக்கும் என்று கருப்புக் குதிரை நினைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் அத்தியாயம்.

மகள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து, “அந்தக் கருப்புக் குதிரைக்கு ஏம்ப்பா கோவமே வரமாட்டேங்குது?” என்றாள். அது நல்ல குதிரை கண்ணு என்றேன். “அப்ப ஜிஞ்சர் கெட்ட குதிரையா?” என்றாள்.

இல்லை என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன். ஆனால் அவள் பிடித்த இடம் சரியான இடம். ஜிஞ்சரை இளம் வயதில் பழக்கியவர்கள் அடித்து, வாயைக் கிழித்துப் பழக்கினார்கள். அதனால் அது கடித்தது, உதைத்தது. கருப்புக் குதிரைக்கு நல்ல தாயும் நல்ல எஜமானரும் வாய்த்தார்கள், அது பொறுத்துக்கொள்ளக் கற்றது. கதை முழுக்க இப்படித்தான் போகிறது: எதிர்த்த குதிரை ஓரமாகச் சாகிறது, பொறுத்த குதிரை உயிரோடிருந்து நமக்குக் கதை சொல்கிறது. விலங்கின் வாயால் மனிதனைச் சொல்லும் கதைகளை ஆசைஆசையாகப் படித்து வளர்ந்தவன் நான். அவற்றில் பேச்சுரிமை எந்த விலங்குக்குக் கிடைக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒரு வாரின் கதை

அந்த நாவல் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. அன்னா ஸ்யூவல் 1820-ல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் மழையில் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வழுக்கி விழுந்து கணுக்கால் போனது. அதற்குப் பிறகு அவரால் சரியாக நடக்கவே முடியவில்லை. எங்கே போனாலும் குதிரைவண்டிதான். தன் காலுக்குப் பதிலாக ஒரு குதிரையின் நான்கு கால்களை நம்பி வாழ்ந்த பெண் எழுதிய கதை அது. 1871-லிருந்து 1877 வரை படுக்கையில் கிடந்தபடியே எழுதினார். தெம்பில்லாத நாட்களில் அவர் சொல்ல அவருடைய அம்மா எழுதினார். 1877 நவம்பரில் புத்தகம் வந்தது, 1878 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். வாழ்க்கையில் எழுதிய ஒரே நாவல். முதல் பதிப்பின் முகப்பில், குதிரை மொழியிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது என்றே போட்டிருந்தது.

அவர் குழந்தைகளுக்காக அதை எழுதவில்லை. வண்டி ஓட்டுகிறவர்கள், லாயத்தில் வேலை செய்கிறவர்கள் படிக்க வேண்டும் என்று எழுதினார். அந்தக் காலத்தில் பணக்காரர் வீட்டு வண்டிக் குதிரைகளுக்குத் தலையை மேலே இழுத்துப் பிடிக்க ஒரு வார் கட்டுவார்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சீமாட்டிக்கு அது நிமிர்ந்த கழுத்து, கம்பீரம். அதே வாரைக் குதிரையின் பக்கமிருந்து சொல்கிறார் ஸ்யூவல். மேடு ஏறும்போது தலையைத் தாழ்த்தித் தோளைக் கொடுத்து இழுக்க முடியவில்லை, முதுகும் காலும் கடுக்கின்றன, மூச்சு முட்டுகிறது. சீமாட்டி ஒவ்வொரு நாளும் ஒரு ஓட்டை இறுக்கச் சொல்கிறாள். ஒருநாள் ஜிஞ்சர் தாங்காமல் எம்பி உதைத்துத் தள்ளுகிறது. கருப்புக் குதிரை பொறுத்துக்கொள்கிறது. அந்த வாருக்கு எதிராக இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்த குரலுக்கு இந்தப் புத்தகம் பெரிய பலமாக இருந்தது. ஒரு வாரின் இரண்டு பக்கத்தையும் காட்டியதற்கே அவரைக் கும்பிட வேண்டும்.

ஆனாலும் மகளின் கேள்வி நின்றது. குதிரைக்குக் கோபம் வராதபடி எழுதியது யார்? ஒரு மனுஷி. எதற்காக? படிக்கிற வண்டிக்காரன் புத்தகத்தை மூடி வைத்துவிடக் கூடாதே. மன்னிக்கிற குதிரை சொன்னால் மனிதன் கேட்பான், உதைக்கிற குதிரை சொன்னால் சாட்டையை எடுப்பான். புரிகிறது. புரிந்தாலும் மனசு ஒப்பவில்லை.

அடுத்த சில நாட்கள் அலமாரியிலிருந்து பழைய புத்தகங்களை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1613-ல் வெளியிட்ட கதைகளில் ஒன்று, இரண்டு நாய்கள் ஒரு மருத்துவமனை வாசலில் ராத்திரி முழுக்கப் பேசிக்கொள்வது. அதில் பெர்கான்சா என்ற நாய் கொஞ்சநாள் ஆட்டு மந்தைக்குக் காவல் இருக்கும். ஓநாய் வந்துவிட்டது என்று மேய்ப்பர்கள் கத்துவார்கள். நாய்கள் காடுமேடெல்லாம் ஓடித் தேடும். ஓநாயின் வாடையே இருக்காது. திரும்பி வந்தால் ஒரு ஆடு செத்துக் கிடக்கும். எஜமானர் வந்து, காவல் சரியில்லை என்று நாய்களை அடிக்கச் சொல்வார். ஒருநாள் பெர்கான்சா ஓடாமல் புதரில் பதுங்கிப் பார்க்கிறது. மேய்ப்பர்களே ஆட்டைக் கொன்று, ஓநாய் கடித்ததுபோல் ஆக்கி, நல்ல கறியைத் தாங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். காவல்காரனே திருடன் என்று அந்த நாய்க்குத் தெரியும், சொல்லத்தான் வாய் இல்லை. நாயின் முன்னால் யாரும் வெட்கப்படுவதில்லை. மாட்டின் முன்னால் மட்டும் யார் வெட்கப்பட்டார்கள்? எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, கடன் பேசியதும், பங்காளியைத் திட்டியதும், அவர் மனைவி அம்மாயி அழுததும் எல்லாம் கட்டுத்தரையில்தான் நடந்தது. அவருடைய எருது செவலை அசைபோட்டபடி நின்றிருக்கும்.

இந்த இடத்தில்தான் செவலை என் நினைப்புக்குள் வந்தது.

நான் சொல்லி வந்த கதை

தாராபுரம் பக்கம் என் அப்புச்சிக்குக் கொஞ்சம் மேட்டாங்காடும் ஒரு கிணறும் இருந்தன. ஏருக்கும் வண்டிக்கும் ஒரு ஜோடி காங்கேயம் எருது: ஒன்று மயிலை, ஒன்று செவலை. மயிலை ஒரு மழைக்காலத்தில் சீக்கு வந்து செத்துப்போனது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? செவலைக்கும் வயசாகிவிட்டது. நுகத்தடி உட்கார்ந்து உட்கார்ந்து அதன் கழுத்துத் தோல் மரப்பட்டைபோலக் காய்த்திருக்கும். அந்த இடத்தை விரலால் அழுத்தினால் அதற்கு ஒன்றுமே தெரியாது, அதற்கு ஒரு சாண் தள்ளித் தொட்டால் ஈ உட்கார்ந்ததுபோல் தோலைச் சிலிர்க்கும். பள்ளி விடுமுறைகளில் எனக்கு இதே விளையாட்டு.

1994-ல், நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துபோனது. அதைக் கட்டப் பணம் வேண்டும். ஒரு சந்தை நாளன்று விடியற்காலை நாலு மணிக்குச் செவலையை ஓட்டிக்கொண்டு அப்புச்சியும் மாமனும் நடந்தார்கள், நானும் அழுது அடம்பிடித்துக் கூடப் போனேன். சந்தையில் தரகர் அப்புச்சியின் கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசினார். வெளியே நிற்கிற எனக்கு இரண்டு கைகள் ஒரு துண்டுக்குள் அசைவது மட்டும் தெரிந்தது. விலை படிந்ததும் அப்புச்சி செவலையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் கட்டுத்தரையின் லட்சுமியும் கூடவே போய்விடும் என்பார்கள். வாங்கியவர் தன் கயிற்றைக் கட்டினார். செவலை திரும்பி எங்களைப் பார்த்தது. அதன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

இந்தக் கதையைக் கல்லூரி விடுதியில் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். மகளிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் கண்ணீர் இடத்தில் உச்சுக்கொட்டுவார்கள்.

‘என்னுடைய’ என்கிற சொல்

பிறகு டால்ஸ்டாயின் ‘ஹோல்ஸ்டோமர்’ கதையை மறுபடி எடுத்தேன். ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். 1863-ல் எழுத ஆரம்பித்து 1886-ல்தான் அச்சுக்கு வந்தது. திட்டுத்திட்டாய் நிறம் கொண்ட ஒரு கிழட்டுக் குதிரை, மந்தையில் மற்ற குதிரைகள் தன்னைச் சீண்டி வதைத்த பிறகு, ஐந்து ராத்திரிகள் தன் கதையைச் சொல்கிறது. துணி அளப்பவன் கோல் போடுவதுபோல நீள நீளமாக எட்டு வைத்து ஓடும் என்பதால் வந்த பெயர்தான் ஹோல்ஸ்டோமர். நல்ல வம்சம், ஆனால் நிறம் சரியில்லை என்று காயடித்து விட்டுவிட்டார்கள். ஒரு கிழட்டுக் குதிரையைப் பார்த்து அது என்ன நினைக்கும் என்று டால்ஸ்டாய் சொல்லிக்கொண்டே போனதைக் கேட்ட துர்கனேவ், நீங்கள் ஒரு காலத்தில் குதிரையாக இருந்திருக்க வேண்டும் என்றார் என்பார்கள்.

அதில் குதிரைக்குப் புரியாமல் போவது ஒரே ஒரு சொல்: ‘என்னுடைய’. என் குதிரை என்று தன்னை ஒருவன் சொல்வது, என் காற்று, என் தண்ணீர் என்பதுபோல அதற்கு விசித்திரமாக இருக்கிறது. என் குதிரை என்று சொன்னவன் ஒருநாளும் அதன் மேல் ஏறியதில்லை, தீனி வைத்ததில்லை; ஏறியவனும் தீனி வைத்தவனும் வேறு ஆட்கள். என் வீடு என்கிறவன் அந்த வீட்டில் குடியிருப்பதில்லை. என் ஜவுளிக்கடை என்கிறவன் அந்தக் கடையின் நல்ல துணியை உடுத்துவதில்லை. மனிதர்கள் செய்கையால் நடப்பதில்லை, சொல்லால் நடக்கிறார்கள் என்று குதிரை முடிவுக்கு வருகிறது. பழகிப்போன ஒன்றை முதல்முதலாகப் பார்ப்பதுபோல் காட்டுவதற்கு 1917-ல் ரஷ்ய விமர்சகர் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி இந்தப் பகுதியைத்தான் எடுத்துக்காட்டினார். எனக்குத் தோன்றியதெல்லாம் சந்தையும் அந்தக் கயிறும். செவலையின் பக்கமிருந்து பார்த்தால் அன்றைக்கு என்ன நடந்தது? ஒரு துண்டுக்குள் நாலு விரல் அசைந்தது. ஒரு கயிறு போய் இன்னொரு கயிறு வந்தது. புதுக் கயிறு அதற்குப் புதிதும் இல்லை, வருஷாவருஷம் பட்டிப்பொங்கலுக்கு மாற்றுவதுதான். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?

இப்படி யோசித்ததும் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. செவலை ஏன் அழுதது? அழுததா?

மாமனுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. போன் செய்தேன். சுற்றி வளைத்து மழை, தென்னை, மருமகள் எல்லாம் விசாரித்துவிட்டு, “ஏனுங் மாமா, செவலைய வித்தப்ப அது அழுதுச்சுங்ளா?” என்று கேட்டேன்.

கொஞ்சநேரம் சத்தமில்லை. “அழுகையா? அழுகையெல்லாம் இல்ல மாப்ள. அது பாட்டுக்கு அந்தாளு நீட்டின சோளத்தட்டத் தின்னுட்டு நின்னுச்சு. லாரில ஏத்தறப்பதான் கொஞ்சம் மெரண்டுச்சு. பலகைல கால் வெக்கமாட்டேன்னு பின்னாலயே போச்சு. வால முறுக்கறானுக, தார்க்குச்சில குத்தறானுக, ம்ஹூம். அப்புறம் எங்கப்பன் போனாரு. தள்ளி நில்லுங்கடான்னு சொல்லிட்டு, லாரி மேல ஏறி நின்னு, வா சாமின்னாரு. ஏறிருச்சு.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. இல்லை, அவர் சொன்னதும் வந்தது. சாய்த்துப் போட்ட பலகை, அதில் காய்ந்த சாணம், லாரியின் கம்பிக்கு அந்தப் பக்கம் அப்புச்சியின் வெள்ளை வேட்டி. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி அவர் எழுப்பும் ‘டொக்’ சத்தம். அப்புறம் “வா சாமி.” அது வயசுக்காலம் முழுக்கக் கேட்டுப் பழகிய குரல். கிணற்றுமேட்டில், சேற்றில், இருட்டில் அந்தக் குரல் கூப்பிட்ட பக்கம் போனால் தண்ணீரும் தீனியும் இருக்கும் என்று அதற்குத் தெரியும். ஏறிவிட்டது. அது அடிமாட்டு லாரி. பொள்ளாச்சி வழியாகக் கேரளாவுக்குப் போகிற லாரி. அப்புச்சிக்குத் தெரியும், மாமனுக்குத் தெரியும், ஐந்தாம் வகுப்புப் பையனான எனக்கே தெரியும்.

யாருக்காக அந்தக் கண்ணீர்

அந்தக் கண்ணீரை நான்தான் வைத்திருக்கிறேன். எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொன்னதில்லை. பலகையும் குரலும் இருந்த இடத்தை மூட ஏதாவது வேண்டியிருந்தது, கண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது. மாடு அழுதால் அதற்கு எல்லாம் தெரியும் என்றாகிறது. தெரிந்தே போகிறது என்றாகிறது. தெரிந்தும் எங்களைத் திரும்பிப் பார்த்தது என்றால் மன்னித்துவிட்டது என்றும் ஆகிறது. எவ்வளவு வசதி!

நம் மரபிலும் மாட்டின் கண்ணீர் உண்டு. கண்ணகி பாண்டியன் முன்னால் நின்று தன் சோழநாட்டைச் சொல்லும்போது, ‘ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சு சுட’ மகனைத் தேர்க்காலில் இட்ட அரசனைச் சொல்கிறாள். அந்தப் பசு மணியை அடித்தது, அரசன் இறங்கி வந்தான். அது கன்றைக் கண்முன்னால் பறிகொடுத்த பசு. அதன் கண்ணீருக்குக் காரணமும் இருந்தது, கேட்க ஆளும் இருந்தது. இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் 1931-ல் எழுதிய இரண்டு எருதுகளின் கதையில் ஹீராவும் மோதியும் கசாப்புக்காரன் கையில் சிக்கிப் போகும்போது, பழகிய வழி கண்ணில் பட்டதும் பிய்த்துக்கொண்டு ஓடித் தங்கள் தொழுவத்துக்கே வந்து சேர்ந்துவிடும். அந்தக் கதையைப் படித்த காலத்தில், செவலையும் அப்படி வந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். வந்திருந்தால் அப்புச்சி என்ன செய்திருப்பார் என்று அப்போது யோசிக்கவில்லை. அடுத்த சந்தைக்கு ஓட்டியிருப்பார். மோட்டாரைக் கட்டியாக வேண்டுமே. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்ததைத் தின்றுதான் நாங்கள் வளர்ந்தோம்.

டால்ஸ்டாய் கண்ணீர் வைக்கவில்லை. ஹோல்ஸ்டோமரின் முடிவு இப்படி: அதற்குச் சொறி பிடித்திருக்கிறது. கசாப்புக்காரன் வருகிறான். கழுத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். சொறிக்கு வைத்தியம் பார்க்கப்போகிறார்கள் போலிருக்கிறது, பார்க்கட்டும் என்று குதிரை நினைக்கிறது. தொண்டையில் ஏதோ செய்கிறார்கள். வலிக்கிறது, உடம்பு உலுக்குகிறது, கழுத்திலும் மார்பிலும் ஏதோ சூடாக வழிகிறது. அப்புறம் பாரமெல்லாம் இறங்கியதுபோல் இருக்கிறது. ஐந்து ராத்திரி மனிதர்களைப் பற்றி அவ்வளவு துல்லியமாகப் பேசிய குதிரைக்குக் கடைசியில் நடப்பது என்னவென்று தெரியவில்லை. முன்பு படித்தபோது ‘என்னுடைய’ பகுதிதான் இந்தக் கதையின் உச்சம் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த ‘பார்க்கட்டும்’ என்ற ஒரு சொல்லைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன். நம்மைக் குற்றம் சொல்லும் விலங்குக்குப் பதில் சொல்லிவிடலாம். மன்னிக்கும் விலங்கிடம் அழுது தீர்த்துக்கொள்ளலாம். கழுத்தை நீட்டிக்கொண்டு, வைத்தியம் பார்க்கிறார்கள் என்று நம்பி நிற்கிற விலங்கிடம் என்ன சொல்வது?

ஸ்யூவலையும் இதற்குப் பிறகு திரும்பப் படித்தேன். ஜோ கிரீன் என்ற லாயத்துப் பையன், வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்த குதிரைக்குப் போர்வை போடாமல், வயிறு முட்டக் குளிர்ந்த தண்ணீரைக் கொடுத்துச் சாகும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறான். அந்த இடத்தில் குதிரை, அவன் நல்லது என்று நினைத்துத்தான் செய்தான் என்கிறது. இதைப் பொறுமை என்று நான் படித்து வந்திருக்கிறேன். குதிரை அன்று பார்த்தது அவ்வளவுதான்: போர்வை தேவையில்லை என்று நினைத்த ஒரு பையன். பார்த்ததைச் சொல்கிறது. ஒருவேளை மகளின் கேள்விக்கு இதுவே பதிலாக இருக்கலாம். கோபம் வருவதற்கு, எதிரில் இருப்பவன் தெரிந்தே செய்கிறான் என்று தெரிய வேண்டும். ஜிஞ்சருக்கு அது தெரிந்துபோனது.

மகளிடம் உண்மையைச் சொன்னேன். செவலை அழவில்லை, சோளத்தட்டுத் தின்றது, தாத்தா கூப்பிட்டதால் ஏறியது என்று. “லாரி எங்க போகுதுன்னு தாத்தாவுக்குத் தெரியுமா?” என்றாள். தெரியும் என்றேன். “செவலைக்கு?” தெரியாது என்றேன். வெகுநேரம் பேசவில்லை. புத்தகத்தை அன்றைக்கு எடுக்க வேண்டாம் என்றாள்.

அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவள் தூங்கின பிறகுதான் ஞாபகம் வந்தது. சந்தையிலிருந்து வெயிலில் நடந்தே திரும்பினோம். அப்புச்சி தோளில் கிடந்த கயிற்றைக் கட்டுத்தரை ஆணியில் மாட்டினார். அதன் முடிச்சில் செம்மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. கை கால் கழுவிவிட்டுத் திண்ணையில் படுத்தவர், அம்மாயி சோறு போட்டதும் எழுந்து உட்கார்ந்தார். நான் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். தட்டைத் தன் பக்கத்தில் நகர்த்தி வைத்து, என்னைப் பார்த்து, “வா சாமி” என்றார். எங்களையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். நான் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.